மூன்றாவது கேஸ்கெட்

ரமாபாயைப் பெண் பார்க்கப் போனபோது பீம்ராவுக்கு ஒரு டம்ளர் காப்பி குடிக்கும் நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், பிடித்திருக்கிறது என்றான், அவ்வளவுதான். தன் ஃபியட் காருக்கு ஒரு ஹெட் கேஸ்கெட் பார்க்க அவன் அலைந்த அலைச்சலில் வியாசர்பாடியில் ஒரு தெருவுக்கே கல்யாணம் செய்துவைத்திருக்கலாம்.

கேஸ்கெட் என்பது பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. எஞ்சினின் உடம்பு ஒரு துண்டு, தலை ஒரு துண்டு. இரண்டையும் சேர்த்துப் போல்ட்டு முறுக்கும்போது நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு வைக்க வேண்டும். உள்ளே எரியும் நெருப்பு வெளியே கசியாமலும், எண்ணெயும் தண்ணீரும் தத்தம் வழியை விட்டு விலகாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் அது எரிந்துபோனால் மொத்தக் காரையும் எடைக்குப் போட வேண்டியதுதான்.

பீம்ராவ் எண்ணூர்ப் பக்கம் ஓர் அனல் மின்நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். சுவர் முழுக்க வரிசையாக இருக்கும் மீட்டர் முட்களைப் பார்த்துக்கொண்டிருப்பது உத்தியோகம். முள் பச்சையில் நின்றால் உலகம் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். சிவப்புக்குப் போனால் போனை எடுத்து அந்தந்த செக்‌ஷனுக்குச் சொல்ல வேண்டும். பாய்லர் ஒரு செக்‌ஷன், கரி ஒரு செக்‌ஷன், தண்ணீர் ஒரு செக்‌ஷன். தன் செக்‌ஷன் அல்லாத எதையும் கையால் தொட்டால் மெமோ வரும். வருஷக்கணக்காக இப்படியே உட்கார்ந்திருந்த மனிதனுக்கு எதையாவது ஒன்றைத் தன் கையால் ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்ததில் தப்பு சொல்ல முடியாது. பழைய ஃபியட் ஒன்றை வாங்கிப் பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கதவில் நம்பர் எழுதி, இருங்காட்டுக்கோட்டையில் புதியவர்களுக்கென்று கிளப்காரர்கள் நடத்தும் பந்தயத்தில் இறங்கினான்.

புதியவர்கள் எல்லாரும் ஒரு வருஷத்தில் பழையவர்கள் ஆகி மேலே போய்விட்டார்கள். பீம்ராவ் மட்டும் புதியவராகவே இருந்தான். ஏனென்றால் அவன் ஒரு பந்தயத்தைக்கூட முடித்ததில்லை. ஒருமுறை டயர் போனது, ஒருமுறை கியர் போனது, ஒருமுறை பெட்ரோல் போட மறந்துபோனது. முடிவுக் கோட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை ஆட்டுவார்களே, அது தனக்காக ஆடி அவன் பார்த்ததே இல்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்றெல்லாம் அவனுக்குப் பேராசை கிடையாது. ஒரே ஒரு தடவை அந்தக் கொடிக்குக் கீழே போய்விட்டால் போதும் என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்தால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடக் கை அப்படியே நின்றுவிடும்.

அந்த 2004-இல் கிளப்காரர்கள் பழைய ஃபியட்டுகளுக்கு இதுதான் கடைசிப் பந்தயம் என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து புது மாடல்கள் மட்டுமாம். ரமாபாய் அதைக் கேட்டதும், நல்லதாகப் போயிற்று, பந்தயம் முடிந்த திங்கட்கிழமையே காரை விற்றுவிடலாம் என்றாள். எனவே பீம்ராவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய மாதம் பார்த்துத்தானா கேஸ்கெட் எரிய வேண்டும்.

காரோடு வந்த அந்தப் பழைய கேஸ்கெட்டை யாரும் குறை சொல்லவில்லை. வயதாகிவிட்டது, போய்ச் சேர்ந்தது. பேஜார் என்னவென்றால், பானெட்டைத் திறப்பது, மூடுவது, உள்ளே ஊற்றுவது எல்லாவற்றையும் அதுவரை பார்த்துக்கொண்ட மெக்கானிக் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். ஆகவே வேலை ஜெகதீசனிடம் வந்தது. ஜெகதீசன் பீம்ராவோடு ஒன்றாகப் படித்தவன், காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்ப்பவன். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினையெல்லாம் அலை மேல் ஆடிக்கொண்டே கிளப்பிவிட்டு வந்தவன் என்று துறைமுகம் முழுக்கப் பெயர் உண்டு. கார் எஞ்சின் மட்டும் தொட்டதில்லை. அதைப் பற்றி அவனுக்குத் துளி பயமும் கிடையாது.

"இன்ஜின்னா இன்ஜின்தான் மாமு," என்றான். "மெதந்தா இன்னா, உருண்டா இன்னா?"

முதலில் டோல்கேட்டில் கார் உதிரிபாகம் விற்கும் சௌக்கத் அலி கடையில் சாதாரண கேஸ்கெட் ஒன்று வாங்கி மாட்டினார்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி திருவொற்றியூரைத் தாண்டவில்லை. தும்மிற்று, இருமிற்று, நின்றுவிட்டது. மலிவுச் சரக்கு, வேறென்ன வரும் என்று ஜெகதீசன் சொன்னான். சூட்டில் கோணிப்போன எஞ்சின் தலையைப் பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவி வாங்கிவந்து, அடுத்து வெளிநாட்டுச் சரக்கு ஒன்றை வாங்கினார்கள். எஃகுத் தகடு, காகிதம் மாதிரி மெல்லியது. கேஸ்கெட் மெலிய மெலிய எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும், வேகம் ஏறும். உண்மையிலேயே ஏறியது. எர்ணாவூர் வரைக்கும் பீம்ராவ் ஜன்னலில் கைவைத்துச் சிரித்துக்கொண்டே போனான். எர்ணாவூரில் சிரிப்பு நின்றது. மீன் ஏற்றிப் போன வேன் ஒன்று அவர்களைக் கயிறு கட்டிக் காசிமேட்டுக்கு இழுத்துவந்தது. எஞ்சின் தலையை மறுபடியும் சீவ வேண்டியிருந்தது.

இத்தனையிலும் பீம்ராவுக்கு ஒரு பெருமை இருந்தது. இரண்டு முறையும் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் அசையவே இல்லை. ஆரம்பத்தில் எங்கே படுத்திருந்ததோ அங்கேயே படுத்திருந்தது. எஞ்சின் ஏசி ரூம் போல இருக்கிறது, குற்றம் முழுக்க கேஸ்கெட்டுடையதுதான் என்று கன்ட்ரோல் ரூமில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். முள்ளைப் படிப்பதில் அவனுக்கு இருந்த அனுபவத்துக்கு அதை யாரும் மறுக்கவில்லை.

எனவே மூன்றாவது கேஸ்கெட்டை நிதானமாகப் பார்த்து எடுப்பதென்று தீர்மானம் ஆயிற்று. சௌக்கத் அலியின் கடையில் இதற்கென்றே ஒரு மாநாடு நடந்தது. கடை முழுக்க ஆணியில் கேஸ்கெட்டுகள் தொங்கின. சௌக்கத் அலி ஒவ்வொன்றாக இறக்கி, துணியால் துடைத்து, குலம் கோத்திரம் சொல்லிக் காட்டினார். இது கல்நார் வைத்தது, பொறுமைசாலி, ஆனால் வேகம் தாங்காது. இது எஃகு, வேகக்காரி, ஆனால் மேலும் கீழும் கண்ணாடி போல மட்டமாக இல்லையென்றால் கோபித்துக்கொள்ளும். பீம்ராவ் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வெளிச்சத்தில் பார்த்தால் என்ன தெரியும் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் பார்க்காமல் வாங்குவது மரியாதையாக இல்லை.

ஜெகதீசன் எதையும் தொடவில்லை. கடைச் சரக்கு எதுவும் வேண்டாம், தானே செப்புத் தகட்டில் வெட்டித் தருகிறேன் என்றான். படகுகளுக்கு அப்படித்தான் செய்வானாம். நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் செப்பு வெண்ணெய் மாதிரி மெத்தென்று ஆகிவிடும், எங்கே பள்ளம் இருந்தாலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தலையை இரண்டு முறை சீவியாயிற்று, இனி கெட்டியான தகடுதான் சரி என்பதில் சௌக்கத் அலிக்கும் சம்மதம். ஆனால் கெட்டித் தகடு போட்டால் அழுத்தம் குறையும், வேகம் போய்விடும். பீம்ராவின் கை அந்த எஃகுத் தகட்டை விட்டு வரவே இல்லை. எர்ணாவூர் வரை போன வேகம் இன்னும் அவன் உடம்பில் இருந்தது.

சௌக்கத் அலி அவன் கையிலிருந்து தகட்டை மெதுவாக வாங்கி ஆணியில் மாட்டினார். "ஒண்ணு சொல்லு ராவ். நீ பறக்கணுமா, போய்ச் சேரணுமா?"

ஒரு டீ ஆறி, இன்னொரு டீ வந்தது. கடைசியில் போய்ச் சேரணும் பாய் என்றான். வேகத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்ற துக்கம் பாதி, கொடியை இந்த முறை பார்த்துவிடுவோம் என்ற நடுக்கம் பாதி.

ஜெகதீசன் செப்புத் தகட்டை உளியும் அரமுமாக வெட்டி எடுத்தான். வேலை என்று சொன்னால் அது வேலை. கடையில் விற்பதைவிடப் பார்க்க லட்சணமாக இருந்தது. காய்ச்சி, முக்கி, துடைத்து, சனிக்கிழமை மத்தியானம் காசிமேட்டில் அவனுடைய ஷெட்டில் வைத்து மாட்டி முடித்தான். பானெட் மேல் எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டினான். உள்ளே பீம்ராவ் வைத்திருந்த சின்ன புத்தர் படத்துக்கும் மரியாதையாக ஒரு முழம் பூ வைத்தான். எந்தச் சாமியையும் விட்டுவிட அவனுக்கு மனசில்லை.

அந்த நேரம் பார்த்து ரமாபாய் இரண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். களைத்துப் போயிருந்தாள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டிருந்தது. வியாசர்பாடி குடியிருப்பில் குழாய்கள் அலங்காரத்துக்கு நின்றன. மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் வரிசையில் அவள் முன்னால் நிற்பாள். வீட்டில் எந்தக் குடம் குடிக்க, எந்தக் குடம் குளிக்க என்று அவளுக்குத் தனிக்கணக்கு. அவளுக்குத் தெரியாமல் ஒரு சொம்பு தண்ணீர் அந்த வீட்டில் இடம் மாறாது.

பீம்ராவ் சாவியைத் திருகப் போனான். ரமாபாய் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தாள், ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு வாளிகூட அங்கே இல்லை. வீட்டிலிருந்து தண்ணீர் எடுத்துப்போகாமல் வண்டிக்கு எங்கேயிருந்து பிடிக்கிறார்கள், அந்த இடம் தெரிந்தால் தானும் ஒரு குடம் கொண்டுவரலாமே என்ற நப்பாசையில்தான் கேட்டாள்.

"வண்டிக்குத் தண்ணி எங்கேந்துபா புடிச்சீங்க?"

பீம்ராவ் ஜெகதீசனைப் பார்த்தான். ஜெகதீசன் பீம்ராவைப் பார்த்தான்.

"நீ ஊத்தல?" என்றான் பீம்ராவ்.

"நான் எதுக்கு ஊத்தணும்?" என்றான் ஜெகதீசன். அவன் குரலில் பொய்யே இல்லை. "கடல் தண்ணி தன்னால உள்ள ஏறுமே."

படகில் அப்படித்தான். கீழே கடல் இருக்கிறது. குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும், எஞ்சினைக் குளிர வைக்கும், திரும்பக் கடலிலேயே விழும். வாழ்நாள் முழுக்க ஜெகதீசன் எந்த எஞ்சினுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. தலையைக் கழற்றும்போது காரிலிருந்த தண்ணீரைக் கீழே திறந்துவிட்டவன், அது மறுபடி வந்துவிடும் என்று சும்மா இருந்துவிட்டான். பீம்ராவைப் பொறுத்தவரை தண்ணீர் வேறு செக்‌ஷன். பாய்லரில் தண்ணீர் மட்டம் ஒரு விரற்கடை குறைந்தால் மின்நிலையமே மணியடித்து ஊரைக் கூட்டும் என்று அறிந்தவன்தான். இந்தக் காரில் மணி எதுவும் அடிக்கவில்லை. முள் ஏன் அசையவில்லை என்பதும் இப்போது புரிந்தது. சூட்டை அளக்க அங்கே தண்ணீர் இருந்தால் அல்லவா அது அசையும். ஒரு மாதமாக இரண்டு பேரும் வறண்ட எஞ்சினை ஓட்டி, நல்ல கேஸ்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி, ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரமாபாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று பீம்ராவுக்குப் பட்டது. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தது. அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். பந்தயம் பார்க்க இல்லையாம், தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று பார்க்கவாம்.

இப்போது தண்ணீருக்கு எங்கே போவது. ஜெகதீசன் பழக்க தோஷத்தில் கடலைக் காட்டினான். உப்பு ஏறினால் அலுமினியத் தலை அரித்துப்போகும் என்று சௌக்கத் அலி போனிலேயே அலறினார். கடைசியில் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் ஒரு பார் ஐஸ் வாங்கி, மீன் பெட்டியில் போட்டு உடைத்து, உருக்கி ஊற்றினார்கள். எஞ்சின் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டில் முள் மெல்ல எழுந்தது. இந்த ஒரு மாதத்தில் அது எழுந்து பீம்ராவ் பார்த்ததே இல்லை. பதறிப்போய் எஞ்சினை அணைத்தான். மறுபடி போன் போட்டார்கள். முள் நடுவில் நிற்பதுதான் முறை, தாண்டினால்தான் பயப்பட வேண்டும் என்று சௌக்கத் அலி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். சூடு ஏறியபின் ஜெகதீசன் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கினான். வண்டி எர்ணாவூரைத் தாண்டியது, எண்ணூர் வரை போனது, தன் காலிலேயே திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் வரிசையாக நின்றபோது பக்கத்துக் கார்க்காரர்கள் மூக்கைச் சுளித்து அங்குமிங்கும் பார்த்தார்கள். நெத்திலி வாசம் எங்கேயிருந்து வருகிறதென்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பீம்ராவ் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரமாபாய் தன் கையாலேயே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்து, மூடிவிட்டு, பந்தயத் தடத்தின் ஓரத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெகதீசனோடு போய் நின்றாள்.

பச்சை விளக்கு விழுந்தது. எல்லாரும் பறந்தார்கள், பீம்ராவ் புறப்பட்டான். செப்புத் தகடு அவசரப்படுகிற ரகமில்லை. ஆனால் நின்றும் போகவில்லை. பாதிப் பந்தயத்தில் ஒரு சிவப்பு ஃபியட் வளைவில் அகலமாகப் போக, உள்பக்கமாக நுழைந்து பீம்ராவ் அதை முந்திவிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடியில் பின்னால் ஒரு கார் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தான். அழுத்தினால் இன்னொருவனையும் பிடித்துவிடலாம் போலிருந்தது. அப்போது பழக்க தோஷத்தில் முள்ளைப் பார்த்தான். அது நடுவைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

செப்பு எங்கேயோ கசிகிறது. முன்னால் ஒரு காரின் பின்விளக்கு, எட்டிப் பிடிக்கும் தூரம். கால் அழுத்தத் துடித்தது. பீம்ராவ் பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தான். சிவப்பு ஃபியட் அவனைத் திரும்ப முந்திப் போனது. பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்று போகும்போதும் நெஞ்சில் கீறியது. மேட்டில் மெதுவாக ஏற்றி, இறக்கத்தில் எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்து, பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரனைப் போல ஓட்டினான். முள் நின்றது. ஏறவில்லை, இறங்கவுமில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தடத்தில் வேறு சத்தமே இல்லை என்பது உறைத்தது. முன்னாலும் ஒருவருமில்லை, பின்னாலும் ஒருவருமில்லை. ஓரத்தில் நின்ற பையன்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தயம் முடிந்துவிட்டது. எல்லாரும் கொடி பார்த்தாயிற்று. இவனும் வழக்கம்போல எங்கோ நின்றிருப்பான் என்று கணக்கை மூடிவிட்டார்கள். பானெட்டிலிருந்து மெல்லப் புகைந்துகொண்டிருந்த மீன் வாடை ஆவிக்கு நடுவே பீம்ராவுக்குக் கண் கலங்கியது. இந்த முறையும் இல்லையா என்று வாய்விட்டுக் கேட்டான். கேட்கத்தான் ஆளில்லை.

கடைசி வளைவு திரும்பினான். தூரத்தில் முடிவுக் கோடு தெரிந்தது. கோட்டருகே கொடிக்கார மனிதர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். ஆனால் அவர் நகரவில்லை, நகர முடியவில்லை. கொடிக்கம்பின் இன்னொரு முனை ரமாபாயின் கையில் இருந்தது.

என்ன பேசினார்கள் என்று ஜெகதீசன்தான் பிறகு சொன்னான். எல்லாரும் வந்தாயிற்று, சாப்பாட்டுக்கு நேரமாகிறது, கையை விடுங்கள் அம்மா என்று அந்த மனிதர் மன்றாடியிருக்கிறார். கிளப் தலைவர் வந்து சட்டம் பேசியிருக்கிறார். ரமாபாய் குரலை உயர்த்தவே இல்லையாம்.

"என் வூட்டுக்காரரு இன்னும் உள்ள கீறாரு," என்றாளாம். "அவுரு வர வரைக்கும் இது எங்கயும் போவாது."

பீம்ராவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம், கொடிக்காரர் ஒருவழியாகச் சுருளை அவிழ்த்ததையும், வேண்டாவெறுப்பாக அதை இரண்டு தரம் அசைத்ததையும், அந்த அசைப்பு போதாதென்று ரமாபாய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கியதையும்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் கொடியைத் தூக்கி, தலைக்கு மேலே வீசினாள். கறுப்பும் வெள்ளையுமாக அது காற்றில் படபடத்தது. ஃபியட் அதன் கீழே ஊர்ந்து போனது.

கோட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தியதும் எஞ்சின் தானாகவே அடங்கியது. பீம்ராவ் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அழுகையை மறைக்க அவனுக்குத் தோன்றவில்லை. கதவு திறந்தது. மூச்சு வாங்க ரமாபாய் நின்றுகொண்டிருந்தாள். கொடி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பின்னால் கொடிக்காரர் அதைக் கேட்டு வாங்கத் தைரியம் வராமல் தள்ளி நின்றார்.

அவள் குனிந்து கொடியின் ஓரத்தால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு அதை அவன் மடியில் வைத்தாள்.

"நல்லா பாத்துக்கோ," என்றாள். "அப்பால குட்த்துட்லாம்."